மின்புலத்தை மூளைக்கட்டித் திசுவில் சோதிப்பது எப்படி: பெங்களூரில் ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிளையோபிளாஸ்டோமா பிடிவாதமான மூளைக்கட்டி. அறுவை செய்து எடுத்து, கதிர்வீச்சும் டெமோசோலோமைடு மாத்திரையும் கொடுத்த பிறகும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வந்துவிடுகிறது. இந்த மூன்றோடு நான்காவதாக வந்து சேர்ந்தது மாறுதிசை மின்புல சிகிச்சை. மழித்த தலையில் பட்டைகளை ஒட்டி, 200 கிலோஹெர்ட்ஸில் அலையும் மெல்லிய மின்புலத்தை ஒரு நாளில் 18 மணி நேரமாவது மூளைக்குள் செலுத்துகிறார்கள்.

இஸ்ரேலில் யோரம் பால்டியின் குழு இது புற்றுசெல்கள் பிரிவதைத் தடுக்கிறது என்று 2004-இல் காட்டியது. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் திரும்பி வந்த கட்டிக்கும், 2015-இல் புதிதாகக் கண்டறியப்பட்ட கட்டிக்கும் அனுமதி கொடுத்தது. இரண்டாவது அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 695 நோயாளிகள் இருந்தார்கள். 2017-இல் வந்த முழு முடிவின்படி, மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 16.0 மாதம், மின்புலமும் சேர்ந்தவர்களுக்கு 20.9 மாதம். ஐந்து ஆண்டு கடந்தவர்கள் முதல் குழுவில் 5 சதவீதம், இரண்டாவதில் 13 சதவீதம். ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிக் கருவி எதுவும் பொருத்தப்படவில்லை. அந்தக் குறையை வைத்து மருத்துவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

வாதம் அங்கே மட்டுமில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்பதும் முடிந்த விஷயமல்ல. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. அதற்கு மின் இருமுனைத் தன்மை அதிகம் என்பதால் புலம் அதைத் திருப்பிவிடுகிறது என்பது முதல் விளக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு வோல்ட் புலம் ஒரு டியூபுலின் மூலக்கூறின்மீது செலுத்தும் ஆற்றல், உடல் சூட்டில் அதே மூலக்கூறு சும்மா அதிர்ந்துகொண்டிருக்கும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் செல்கள் தடுமாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் செப்டின் புரதம், டிஎன்ஏ பழுதுபார்ப்பு, செல் சவ்வின் கால்சியம் வாயில்கள், நுண்கருக்கள் (பிரிவு தவறும்போது உருவாகும் சிறு கருத்துண்டுகள்) வழியாகக் கிளம்பும் நோயெதிர்ப்பு எனப் பல விளக்கங்கள் வந்துவிட்டன. இவற்றுக்கு நடுவே தீர்ப்புச் சொல்ல வேண்டியது உண்மையான மனிதக் கட்டித் திசு. பெங்களூரில் அதற்கு வாய்ப்பு இருக்கிறது: ஹோசூர் ரோட்டில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ், வடக்கே இந்திய அறிவியல் கழகம், பெல்லாரி ரோட்டில் உயிரியல் ஆய்வு நிறுவனமான என்.சி.பி.எஸ். மின்பொறியாளரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒரே ஊரில் இருப்பது சின்ன விஷயமில்லை.

இந்த வழிகாட்டி எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களுக்கானது. முழுக்க ஒரே எண்ணத்தைச் சுற்றித்தான் போகும்: புலம் செய்ததையும் சூடு செய்ததையும் பிரித்துக் காட்டாவிட்டால், மற்ற எதையும் செய்து பயனில்லை.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"மின்புலம் கட்டியை என்ன செய்கிறது?" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. "200 கிலோஹெர்ட்ஸ் புலத்தில் 72 மணி நேரம் வைத்த திசுச் சீவலில், அதே சூட்டில் புலமில்லாமல் வைத்த சீவலைவிட இறக்கும் கட்டிசெல்கள் அதிகமா?" என்பது கேள்வி. அதிர்வெண், நேரம், ஒப்பீடு, அளவிடப்போவது எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அளவிடப்போவதில் எது முதன்மை என்று சோதனை தொடங்கும் முன்பே தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இரண்டாம் படி: அனுமதியும் ஒப்புதலும்

மருத்துவமனையின் எதிக்ஸ் கமிட்டி, உங்கள் நிறுவனத்தின் எதிக்ஸ் கமிட்டி, உயிரிப் பாதுகாப்புக் குழு ஆகியவற்றின் ஒப்புதல் வேண்டும். இரண்டு நிறுவனங்கள் என்றால் திசுவை ஒப்படைக்கும் ஒப்பந்தமும் தனியாகப் போட வேண்டும். எலியில் செய்வதாக இருந்தால் விலங்கு நெறிமுறைக் குழு வேறு. இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். எனவே கருவி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நிம்ஹான்ஸுக்கு வருபவர்களில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் ஏராளம். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டும் படிவம் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டுவது ஒப்புதல் ஆகாது. நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளும் சொல்கின்றன. படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். மூளைக்கட்டியால் பேச்சோ புரிதலோ பாதிக்கப்பட்டவர் என்றால் சட்டப்படி அவருக்காக ஒப்புதல் தரக்கூடிய உறவினரிடம் பேச வேண்டும். அப்போதும் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், அவர் வேண்டாம் என்று தலையசைத்தால் விட்டுவிடுங்கள்.

தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. படிவத்தின் தமிழ் வடிவத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். இப்படி எளிமையாக இருந்தால் போதும்: "டாக்டர் கட்டியை எப்படியும் எடுக்கப்போகிறார். அதில் உங்கள் நோயைக் கண்டறியத் தேவையானது முதலில் பரிசோதனைக்குப் போகும். மிஞ்சுவதில் ஒரு சிறு துண்டை நாங்கள் ஆராய்ச்சிக்குக் கேட்கிறோம். அதற்காகக் கூடுதலாக எதையும் வெட்டமாட்டார்கள். நீங்கள் மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது."

இதைக் கேட்டதும் பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அப்போ அந்த கரண்ட் வைத்தியம் எங்க அப்பாவுக்குக் கிடைக்குமா தம்பி?" நம்பிக்கையோடு கேட்பார்கள். மழுப்பக் கூடாது. "இல்லைங்கம்மா, இது உங்க அப்பாவோட சிகிச்சைக்கு உதவாது. பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம். சிகிச்சையைப் பற்றி டாக்டரிடமே கேளுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கேட்டதற்குப் பிறகும் அவர்கள் கொடுத்தால் அதுதான் ஒப்புதல்.

மூன்றாம் படி: புலத்தை உண்டாக்குவதும் அளப்பதும்

வெறும் உலோக மின்முனையை, செல்கள் வளரும் ஊட்டநீரான மீடியத்தில் நனைத்தால் மின்வேதி வினை நடந்து மீடியமே கெட்டுப்போகும். அதனால் மின்முனைக்கும் மீடியத்துக்கும் நடுவே மின்காப்புச் சுவர் வேண்டும். ஆனால் கண்ணாடி போன்ற சாதாரணப் பொருளைச் சுவராக வைத்தால் நீங்கள் கொடுக்கும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட முழுவதும் சுவரிலேயே விழுந்துவிடும், செல்லுக்கு எதுவும் மிஞ்சாது. கண்ணாடியின் மின்காப்பு மாறிலி 5 அளவில் இருக்கும். இந்தச் சோதனைக்கான டிஷ்கள், அந்த எண் பல ஆயிரமாக இருக்கும் தனி வகை செராமிக்கில் செய்யப்படுகின்றன. இந்தச் சிகிச்சைக் கருவியைத் தயாரிக்கும் நோவோக்யூர் நிறுவனத்தின் ஆய்வகக் கருவி அப்படிப்பட்டது. டிஷ்ஷின் சுவரில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு ஜோடி மின்முனைகள் இருக்கும், புலத்தின் திசை நொடிக்கொரு முறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். செல் எந்த அச்சில் பிரிகிறதோ அந்த அச்சோடு புலம் ஒத்துப்போகும்போதுதான் பாதிப்பு அதிகம், செல்களோ எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. இரண்டு ஜோடி எதற்கு என்றால் இதற்குத்தான்.

சொந்தமாகக் கருவி செய்யும் பொறியியல் மாணவர்களும் இருக்கிறார்கள். அலையாக்கி, ஆம்ப்ளிஃபையர், சுவிட்ச் என்று அடுக்கிவிடலாம். செய்யுங்கள், ஆனால் ஆய்வகத்தின் மின் பாதுகாப்புப் பொறுப்பாளர் பார்த்த பிறகே இயக்குங்கள். மனித உடலில் வைத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஏன் 200 கிலோஹெர்ட்ஸ்? ஓரிரு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் நரம்பும் தசையும் தூண்டப்படும். மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் சூடாக்குவதே முதன்மை விளைவாகிவிடும். நடுவில் 100 முதல் 300 வரையுள்ள பட்டையில் கிளையோமா செல்களுக்கு 200 அருகே விளைவு அதிகம் என்று ஆய்வகச் சோதனைகளில் வந்தது.

அளப்பதில் குழப்பம் நிறைய. ஒரு கட்டுரை சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் என்று சொன்னால் அது ஆர்.எம்.எஸ். (அலையின் பயனுறு சராசரி) மதிப்பா, உச்ச மதிப்பா, உச்சத்திலிருந்து உச்சத்துக்கா? 1 வோல்ட் ஆர்.எம்.எஸ். என்பது 1.41 வோல்ட் உச்சம், உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 2.83 வோல்ட். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும். கருவியின் திரையில் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். தெரிந்த இடைவெளியில் இரண்டு நுண்கம்பிகளை மீடியத்தில் வைத்து, டிஃபரன்ஷியல் ப்ரோப் மூலம் ஆசிலோஸ்கோப்பில் நேரடியாகப் பாருங்கள். டிஷ்ஷின் நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியே அளந்தால் புலம் எங்கே சீராக இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நான்காம் படி: சூடு

இதற்கு உங்கள் நேரத்தில் பெரும்பங்கைக் கொடுங்கள். மீடியத்தின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 1.5 சீமன்ஸ். புலம் சென்டிமீட்டருக்கு 1.6 வோல்ட் ஆர்.எம்.எஸ்., அதாவது மீட்டருக்கு 160 வோல்ட். கடத்துதிறனைப் புலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் சுமார் 38 மில்லிவாட் வெப்பம் உண்டாகிறது. வெப்பம் வெளியேற வழியே இல்லை என்றால் நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் ஏறும். 37 டிகிரியில் தொடங்கினால் பத்து நிமிடத்தில் 42-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் செல் இறந்தால் அது மின்புல ஆய்வல்ல, வெப்ப ஆய்வு.

அதனால்தான் புலம் வைக்கும் டிஷ்களைக் குளிரூட்டிய இன்குபேட்டரில், சுமார் 18 முதல் 22 டிகிரியில் வைக்கிறார்கள். புலம் தரும் சூடும் வெளிக்குளிரும் சமப்பட்டு டிஷ்ஷுக்குள் 37 வரும். அப்படியானால் வலுவான புலம் வேண்டும் என்றால் இன்குபேட்டரை இன்னும் குளிர்விக்க வேண்டும். ஏ.சி. நின்று அறை சூடாகும் ஒரு மே மாத மதியத்தில் இந்தச் சமநிலை குலைந்துவிடும். யு.பி.எஸ். இல்லாமல் 72 மணி நேரச் சோதனையைத் தொடங்காதீர்கள். மின்சாரம் போனால் புலம் மட்டுமா நிற்கும், டிஷ்ஷும் 20 டிகிரிக்கு இறங்கிவிடும்.

கண்ட்ரோலில், அதாவது ஒப்பீட்டுக்கு வைக்கும் டிஷ்ஷில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன. பக்கத்து 37 டிகிரி இன்குபேட்டரில் பிளாஸ்டிக் டிஷ் ஒன்றை வைத்துவிட்டு அதைக் கண்ட்ரோல் என்கிறார்கள். ஆனால் புலம் வைத்த டிஷ்ஷில் உள்ளே சூடு, வெளியே குளிர், அதனால் நீர் ஆவியாகி மூடியில் படிகிறது, மீடியம் செறிகிறது. கரைபொருள் செறிவு (ஆஸ்மோலாலிட்டி) 300 மில்லியாஸ்மோலாக இருந்த மீடியத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் போனால் 333 ஆகிவிடும், அதுவே செல்லைச் சுருக்கப் போதும். எனவே என் பார்வையில் மூன்று கண்ட்ரோல்களாவது வேண்டும். வழக்கமான 37 டிகிரி டிஷ் ஒன்று. அதே செராமிக் டிஷ்ஷில், அதே குளிர் இன்குபேட்டரில், சிறு ஹீட்டரால் 37-க்குக் கொண்டுவந்த புலமில்லாத டிஷ் இன்னொன்று. மூன்றாவது மிக முக்கியம்: அதே மின்திறனில், ஆனால் 200-இலிருந்து நன்றாக விலகிய வேறோர் அதிர்வெண்ணில் புலம் வைத்த டிஷ். சூடும் ஆவியாதலும் அதில் ஒன்றாகவே இருக்கும், அதிர்வெண் மட்டும் வேறு. 200-இல் வரும் விளைவு அதில் வராவிட்டால், இது சூட்டால் வந்ததல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். மீடியத்தைத் தினமும் மாற்றுங்கள், மாற்றும்போது எடுத்த மீடியத்தின் ஆஸ்மோலாலிட்டியை அளந்து குறித்துவையுங்கள்.

ஐந்தாம் படி: முதலில் செல் வரிசைகளில்

நோயாளியின் திசுவைத் தொடும் முன்பு கருவியையும் கண்ட்ரோல்களையும் செல் வரிசைகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களில்) நிரூபியுங்கள். புணேயில் இருக்கும் தேசிய செல் அறிவியல் மையத்தில் கிடைக்கும். யு87 எல்லோரும் பயன்படுத்துவது. ஆனால் உலகம் முழுக்கப் பரவிய யு87, சுவீடனின் உப்சாலாவில் முதலில் எடுத்த கட்டியோடு மரபணு அளவில் பொருந்தவில்லை என்று 2016-இல் தெரியவந்தது. கிளையோபிளாஸ்டோமாவிலிருந்து வந்ததாகவே இருக்கலாம், ஆனால் யாருடையது என்று தெரியாது. அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல், டெமோசோலோமைடுக்கு மசியாத டி98ஜி-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாளச் சோதனை, மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் பாக்டீரியா) சோதனை இரண்டும் கட்டாயம்.

ஆறாம் படி: திசுவை உயிரோடு கொண்டுவருவது

அறுவை அரங்கில் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். கியூசா (கட்டியை உடைத்து உறிஞ்சும் கருவி) உறிஞ்சிய கூழோ, பைபோலாரில் (மின்சூட்டால் ரத்தம் நிறுத்தும் கருவியில்) கருகிய ஓரமோ உதவாது. கட்டியின் உயிருள்ள பகுதியிலிருந்து கத்தரித்து எடுத்த முழுத் துண்டு வேண்டும். ஆக்சிஜன் ஏற்றிய, பனிக்குளிர்ந்த செயற்கை மூளைத்தண்டுவட நீரில் உடனே போடுங்கள்.

அடுத்தது போக்குவரத்து. ஹோசூர் ரோட்டிலிருந்து யஷ்வந்த்பூர் பக்கம் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போகப் பகல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எளிதாக ஆகிவிடும். அறுவை எப்போது முடியும் என்பதும் உங்கள் கையில் இல்லை. முடிந்தால் மருத்துவமனை வளாகத்திலேயே வைப்ரடோம் (அதிரும் பிளேடால் திசுவை மெல்லியதாகச் சீவும் கருவி) இருக்கும் ஆய்வகத்தோடு கூட்டுச் சேர்ந்து, அங்கேயே சீவிவிட்டுச் சீவல்களைக் கொண்டு போங்கள். மூளை வங்கியில் உறைந்த திசுவும் பதப்படுத்திய திசுவும் உண்டு. பின்னால் ஒப்பிட அவை உதவும், உயிருள்ள சீவலுக்கு ஆகாது.

குறைந்த சூட்டில் உருகும் அகரோஸில் துண்டைப் பதித்து, வைப்ரடோமில் 300 மைக்ரான் தடிமனில் மெதுவாகச் சீவுங்கள். துண்டுக்கொரு புது பிளேடு. வெளிறிக் கூழாக இருக்கும் பகுதி ஏற்கெனவே இறந்தது, ஒதுக்குங்கள். வெட்டிய பரப்பில் செல்கள் எப்படியும் இறக்கும் என்பதால் ஓர் இரவு ஓய்வு கொடுத்த பிறகே புலத்தை வையுங்கள்.

சீவல் வளர்ப்பில் வழக்கமாகச் சீவல் ஒரு சவ்வின்மேல் காற்றும் மீடியமும் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். புலச் சோதனையில் இது சிக்கல். சீவலின் பரப்புக்கு இணையாகப் புலம் ஓடினால், மீடியத்தில் இருக்கும் அதே புலம் மெல்லிய சீவலுக்குள்ளும் இருக்கும். மேலிருந்து கீழாக ஓடினால் அப்படி இருக்காது, கடத்துதிறன் வேறுபாட்டுக்கு ஏற்ப மாறும். எனவே சீவலைப் புலத்தின் தளத்திலேயே கிடத்தி, மீடியத்தில் மூழ்கும்படி வைத்து, ஆக்சிஜன் போதுமா என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.

அடுத்தடுத்த சீவல்களை மாறி மாறி எல்லாக் குழுக்களுக்கும் பிரியுங்கள். ஒரே கட்டியின் ஒரு மூலையில் செல் பிரிதல் வேகமாகவும் மறு மூலையில் மந்தமாகவும் இருக்கும். முதல் ஐந்து சீவல் புலத்துக்கு, அடுத்த ஐந்து கண்ட்ரோலுக்கு என்று பிரித்தால் கட்டியின் இட வேறுபாட்டைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஏழாம் படி: எதை அளப்பது

இறப்புக்குக் கிளீவ்டு காஸ்பேஸ்-3, பிரிதலுக்குக் கி-67, டிஎன்ஏ முறிவுக்குக் காமா எச்2ஏஎக்ஸ், அந்த நேரத்தில் பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்குப் பாஸ்போ ஹிஸ்டோன் எச்3 என்று ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் புரதத்துக்குச் சாயமிடுங்கள். இவற்றோடு ஒவ்வொரு சீவலுக்கும் வழக்கமான எச் அண்டு இ சாயம் போட்டு, அதில் கட்டிதான் இருக்கிறதா என்று நோய்க்கூறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. புலம் வைத்த சீவலில் பாஸ்போ ஹிஸ்டோன் எண்ணிக்கை கூடினால் கட்டி வேகமாக வளர்கிறது என்று பயப்பட வேண்டாம். பிரியத் தொடங்கி முடிக்க முடியாமல் நின்றுபோன செல்களும் அதே சாயத்தைத்தான் ஏற்கும். நுண்குழாய்க்குச் சாயமிட்டு, குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கள் (ஸ்பிண்டில்) சிதைந்திருக்கின்றனவா, குரோமோசோம்கள் சிதறியிருக்கின்றனவா என்று பார்த்தால்தான் வளர்ச்சியா தடையா என்பது புரியும். எந்த நேரத்திலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் திசுவில் கொஞ்சம்தான். அதனால் பிடித்த இடத்தைப் படமெடுக்காமல் முழுச் சீவலையும் ஸ்கேன் செய்து எண்ணுங்கள். எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. சங்கேத எண்களை வேறொருவர் வைத்திருக்கட்டும்.

எட்டாம் படி: கணக்கு

ஒரு நோயாளியின் திசுவிலிருந்து இருபது சீவல் எடுத்தாலும் மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான். இருபது என்று போட்டால் முடிவு பொய்யாகவே உறுதியாகத் தெரியும். நோயாளியை ஓர் அடுக்காகவும் அவருக்குள் சீவல்களை இன்னோர் அடுக்காகவும் வைக்கும் கலப்புப் புள்ளியியல் மாடலைப் (mixed model) பயன்படுத்துங்கள். புள்ளியியல் ஆளைக் கடைசியில் தேடாமல் முதல் மாதமே உட்கார வையுங்கள். நோயாளிகளிடையே வேறுபாடு இருக்கும், அதை மறைக்காமல் ஒவ்வொருவரையும் தனிப் புள்ளியாக வரைபடத்தில் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதும்போது

டிஷ்ஷில் இறந்த செல்லைக் காட்டி நோயாளிக்கு ஆயுள் கூடும் என்று எழுதக் கூடாது. தலைக்குள் நிலைமை வேறு. மூளையைச் சுற்றியுள்ள நீரின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 1.8 சீமன்ஸ், சாம்பல் நிறப் பகுதியுடையதோ அதில் ஏழில் ஒரு பங்கு. மின்னோட்டம் நீர் வழியே ஒதுங்கி ஓடுவதால் கட்டிக்குள் புலம் இடத்துக்கு இடம் மாறும். டிஷ்ஷில் சீராகக் கொடுத்த புலம் அங்கே அப்படியே கிடைக்காது. இதைக் கட்டுரையில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.

செய்முறைப் பகுதியில் அதிர்வெண், ஆர்.எம்.எஸ். புலம், அதை அளந்த விதம், திசை மாறும் இடைவெளி, மொத்த மணி நேரம், இன்குபேட்டர் சூடு, டிஷ்ஷுக்குள் சூடு, மீடியம் மாற்றிய நேரம், ஆஸ்மோலாலிட்டி, திசு அரங்கிலிருந்து வைப்ரடோம் வரை எடுத்த நிமிடங்கள் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு டிஷ்ஷின் வெப்பநிலைப் பதிவையும் நிமிட வாரியாக இணைப்பாகக் கொடுங்கள். புலத்துக்கு எந்த விளைவும் தெரியாமல் போனாலும் இதே விவரங்களோடு முழுதாக எழுதி வெளியிடுங்கள்.